முதலில் குனிந்தவன்

கான்சஸ்,
அக்டோபர் 14, செவ்வாய்

மிஸ்டர் கோல்பி ஹ்ருஷ்கா அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. என் பெயர் லூசியன் ஆர்சனோ. சனிக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் இருபத்தெட்டாம் எண் சட்டை. மூன்றாவது குவார்ட்டரில் நீங்கள் நடுக்களத்தில் குறுக்கே ஓடிவந்து பந்தைப் பிடித்தீர்கள். பிடித்த நொடியில் உங்களைச் சாய்த்தவன் நான். நான்கு நிமிடம் நீங்கள் கண் திறக்கவில்லை. நடுவர் மஞ்சள் கொடி வீசி என்னை வெளியேற்றினார். உடைமாற்றும் அறைக்கு நடந்தபோது உங்கள் ஊர்க்காரர்கள் மேலேயிருந்து சோளப்பொரியை என் தலையில் கொட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பொரி வலிக்காது.

உங்கள் போனுக்கு மூன்று செய்திகள் அனுப்பினேன். உங்கள் தங்கைதான் பதில் போட்டார். "அண்ணன் ஆறு வாரத்துக்கு எந்தத் திரையையும் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொல்ல வேண்டியது இருந்தா காகிதத்துல எழுதுங்க, நான் படிச்சுக் காட்டுறேன்." அதனால் அஞ்சல் தலை வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்மெட்டின் உச்சியால் முட்டியதாக இந்தப் பருவத்தில் என் மேல் விழுந்த மூன்றாவது குற்றம் இது. மூன்று சேர்ந்தால் எங்கள் லீகில் விசாரணைக் குழு முன்னால் நிற்க வேண்டும். அக்டோபர் 31 அன்று விசாரணை. அதுவரை எனக்கு ஆட்டம் கிடையாது. அவர்கள் நினைத்தால் மிச்சப் பருவம் முழுவதும் என்னை உட்கார வைக்கலாம். இது எனக்குக் கடைசி ஆண்டு. கனடாவிலிருந்து ஓர் அணியின் ஆள் நவம்பரில் என்னைப் பார்க்க வருகிறார். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்கு அப்படி ஒருவர் வருவது பத்து வருடத்துக்கு ஒருமுறை.

நான் குறிவைத்தது உங்கள் மார்பை. கடைசி நொடியில் நீங்கள் குனிந்தீர்கள். அதனால் மார்பு இருந்த இடத்துக்குத் தலை வந்தது. இதை நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் குழு கேட்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் கேட்கிறேன்.

விரைவில் குணமாக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

லூசியன் ஆர்சனோ

*

நெப்ராஸ்கா,
அக்டோபர் 18

லூசியன்,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் தங்கை தெரேசா. நடுவில் அவளாக எதையாவது சேர்த்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மிஸ்டர் எல்லாம் வேண்டாம். என் முகத்துக்குள் ஹெல்மெட்டை நுழைத்தவன் நீ. அதைவிட நெருக்கமாக என்னிடம் யாரும் வந்ததில்லை.

உன் கடிதத்தைத் தெரேசா இரண்டு தடவை படித்தாள். இரண்டு பக்கத்தில் 'மன்னிப்பு' என்ற சொல்லே இல்லை. அவளுக்குக் கோபம். எனக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். கதவு சத்தம் போட்டதற்கு, கரண்டி கீழே விழுந்ததற்கு, வெயில் அடிப்பதற்கு. ஜன்னலுக்கு அம்மா கம்பளி தொங்கவிட்டிருக்கிறாள். நான் முளைக்காத உருளைக்கிழங்கு மாதிரி இருட்டில் கிடக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது.

நான் குனிந்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த நாளே எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பல் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்ததாக எல்லாரும் சொல்கிறார்கள். தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் என்ன?

அந்த வீடியோவைத் தெரேசா எட்டுத் தடவை பார்த்தாள். "குனிஞ்சியான்னு கேட்டா, ஆமா, கொஞ்சம் குனிஞ்ச. பந்தைப் பிடிச்சவன் எவன்தான் குனிய மாட்டான்? ஆனா அவன் ஆட்டுக்கிடா மாதிரி வந்தான் கோல்பி" என்றாள். ஆட்டுக்கிடா அவள் சொன்னது. நான் சேர்க்கவில்லை.

நீ ஆடும் இடத்துக்குப் பெயர் 'சேஃப்டி', பாதுகாப்பு. பெயர் வைத்தவன் குசும்பன்.

கோல்பி

(இது நான் சேர்ப்பது: மூன்று குற்றம் என்றால், என் அண்ணனுக்கு முன்னால் இரண்டு பேர். அவர்களும் குனிந்தார்களா? — தெரேசா)

*

கான்சஸ்,
அக்டோபர் 22

கோல்பி,

சரி, மிஸ்டர் போகட்டும்.

உன் தங்கையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆமாம், அவர்களும் குனிந்தார்கள். எல்லாரும் குனிவார்கள். முழு வேகத்தில் எதிரே ஒருத்தன் வருகிறான், எனக்குக் கிடைப்பது அரை நொடி. காலைப் பிடித்தால் அவன் முழங்கால் போகும், மேலே பிடித்தால் கொடி விழும், விட்டுவிட்டால் அவன் ஓடிப்போய்ப் புள்ளி எடுப்பான், திங்கட்கிழமை கோச் பிக்கெட் எல்லார் முன்னாலும் என்னைக் கிழிப்பார். விதி எழுதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு யாரும் மெதுவாக ஓட்டித் தருவதில்லை. இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் பட்டால் தட்டிக்கொடுக்கிறார்கள், அந்தப் பக்கம் பட்டால் ரவுடி. உங்கள் ஊர் ரேடியோவில் என்னை அப்படித்தான் சொன்னார்களாம். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிவைக்க என் நண்பர்களுக்கு அவ்வளவு ஆர்வம்.

நான் ரவுடி இல்லை. பத்து வயதிலிருந்து இதை ஆடுகிறேன். ஆட்டத்துக்கு வெளியே ஒருத்தனைக்கூட கைநீட்டி அடித்தது கிடையாது. இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

ஆனால் நேற்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. லூசியானாவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். நீ குனிந்தது, அங்குலக் கணக்கு, விதியின் கோணல் எல்லாம்.

"அவன் குனிஞ்சத விடு. நீ குனிஞ்சியா?" என்றாள்.

"அம்மா, அது அப்படி இல்ல..."

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு லூ. குனிஞ்சியா, இல்லையா?"

வைத்துவிட்டாள். நான் இன்னும் வீடியோவை அந்தக் கேள்விக்காகப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதித் தர வேண்டாம். கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெளிச்சம் இன்னும் உறுத்துகிறதா?

லூசியன்

*

நெப்ராஸ்கா,
அக்டோபர் 25-ல் தொடங்கி 27-ல் முடித்தது

லூசியன்,

இது என் கையெழுத்து. பத்து நிமிடம் எழுதினால் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள். அதனால் தவணை முறையில் எழுதுகிறேன். தெரேசாவிடம் இதைச் சொல்லி எழுத வைக்க முடியாது.

நேற்று அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் இந்த ஊர்ப் பள்ளி அணியில் ஆடியவர். அவர் பேசினால் ஒரு வாரத்துக்கு மொத்தம் நாற்பது வார்த்தை வரும். "தேவாலயக் கூடத்துல உனக்காக விருந்து வைக்கிறாங்க. ஊரே வருது" என்றார். அப்புறம், "அந்தக் கான்சஸ் பய இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது" என்றார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஏனென்று சொல்கிறேன்.

செப்டம்பர் 27. உன்னோடு ஆடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், வேறு ஆட்டம், வேறு ஊர். பந்தைப் பிடித்துக் கீழே விழுந்தபோது பின்மண்டை தரையில் அடித்தது. யாரும் முட்டவில்லை, கொடி இல்லை, கூச்சல் இல்லை. எழுந்து நின்றேன். கம்பங்கள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் என்று தெரியாமல் சட்டை நிறத்தைப் பார்த்து நடந்தேன்.

அணியில் காயங்களைக் கவனிக்கும் எங்கள் டிரெய்னர் மார்லா ஸ்வோபோடா ஓடிவந்தார். தலைக்கு அடிபட்டால் டிரெய்னர் ஒரு சோதனை வைக்க வேண்டும் என்பது விதி. ஐந்து வார்த்தை சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல்ல வேண்டும். வாளி, குருவி, மெழுகு, ரயில், தேன். எங்கள் டிரெய்னரிடம் மூன்று பட்டியல்தான் உண்டு. மூன்றும் எனக்கு மனப்பாடம். முதல் வருடம் சேர்ந்தபோதே மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். போதாததற்கு ஆகஸ்டில் அடிபடாத தலைக்கு ஒரு சோதனை வைப்பார்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. அதை நான் வேண்டுமென்றே சொதப்பினேன். என் நல்ல தலையே மந்தம் என்று பதிவாகிவிட்டால், கெட்ட தலை கண்டுபிடிக்கப்படாது.

"கண்ணு ஏன் சுருங்குது?" என்று கேட்டார் மார்லா.

"வெயில்" என்றேன்.

அந்த இரண்டு வாரமும் தலைவலி. படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அறைத்தோழன் ஒருவனுக்குத் தெரியும், அவன் வாயைக் கட்டிப்போட்டேன். அப்புறம்தான் நீ வந்தாய். முதல் காயம் ஆறாமல் இரண்டாவது பட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 'ஒரே அடிக்கு இவ்வளவு சேதம் ஆச்சரியம்தான்' என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவன் மாதிரி கிடந்தேன்.

ஒருவேளை நீ இல்லாவிட்டால் வேறொருவன். ஒருவேளை நான் வெளியே உட்கார்ந்திருந்தால் அன்று உன் ஹெல்மெட்டுக்குக் காற்றுதான் கிடைத்திருக்கும். எனக்காக ஒரு விதி இருந்தது. அதை ஏமாற்றத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன்.

31-ஆம் தேதிக்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று தெரேசாவை விரைவு அஞ்சலில் போடச் சொல்கிறேன். குழுவிடம் காட்டு. கையெழுத்து என்னுடையது, கோணல்மாணலாக இருந்தாலும்.

கோல்பி

*

கான்சஸ்,
நவம்பர் 1

கோல்பி,

உன் கடிதம் வியாழன் மாலை வந்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு விசாரணை. அதை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போனேன். கோட் என்னுடையது இல்லை, டெல்ரிக்குடையது. எங்கள் அணியில் என் பக்கத்திலேயே நின்று ஆடுகிறவன், நான்கு வருட நண்பன். தோளில் இறுக்கமாக இருந்தது.

போவதற்கு முந்தைய இரவு அம்மாவின் கேள்விக்காக மட்டும் வீடியோவைப் பார்த்தேன். உன்னைக் கையால் மறைத்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்தேன். நான்கு அடி தூரத்திலேயே என் கழுத்து மடிந்துவிட்டது. என் கண் தரையைப் பார்க்கிறது. நீ அப்போது பந்தைத் தொடக்கூட இல்லை. முந்தைய இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதேதான். இரண்டு தடவையும் எங்கள் உதவிக் கோச் தனியாகக் கூப்பிட்டு, "லூ, கண்ணால பாத்து அடி. தரையப் பாக்காத" என்று சொன்னார். நான் தலையாட்டினேன். மைதானத்தில் முட்டும்போது வரும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். கூட்டம் முழுக்க ஒரு மூச்சை உள்ளே இழுக்கும். அதற்காகத்தான் குனிந்தேன். அங்குலக் கணக்கெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது.

அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பழைய ஆட்டக்காரர், கழுத்தே இல்லாத மனிதர். என்மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. வழி திறந்துவிடுகிற மாதிரி கேட்டார்: "கடைசி நொடியில அந்தப் பையன் தலையைத் தாழ்த்திட்டான், இல்லையா?"

கோச் பிக்கெட் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஆமா என்று சொல்லு என்று அர்த்தம்.

"தாழ்த்தினான் சார். ஆனா நான் அவனுக்கு முன்னாடியே தாழ்த்திட்டேன்" என்றேன்.

"யோசிச்சுப் பேசு" என்றார் கோச்.

"வீடியோவுல இருக்கு. பந்து அவன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க. ரெண்டு தடவ எனக்கு எச்சரிக்கையும் குடுத்தாங்க."

நிறுத்திப் பார்த்தார்கள். நான் ஏற்கெனவே ஆடாமல் உட்கார்ந்த ஆட்டங்கள் போக, இன்னும் இரண்டு ஆட்டம் தடை. கடைசி ஆட்டம் ஒன்று மட்டும் எனக்கு மிச்சம்.

உன் கடிதத்தைக் காட்டவில்லை. கோபப்படுவாய் என்று தெரியும். என் கழுத்து மடிந்தபோது உன் பழைய காயம் எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாத ஒன்றை எனக்குச் சாட்சியாக எப்படிக் கூப்பிடுவது? உன் தலைக்குள் ஒன்றுமே இல்லாதிருந்தாலும் நான் அப்படியேதான் வந்திருப்பேன்.

முதல் கடிதத்தில் இல்லாத சொல்லை இப்போது எழுதுகிறேன். மன்னித்துவிடு. அன்றே எழுதியிருந்தால் அது மரியாதைக்கு. இன்று எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

லூசியன்

*

நெப்ராஸ்கா,
நவம்பர் 6

லூசியன்,

உன்னை யார் புனிதனாக இருக்கச் சொன்னது?

மூன்று நாள், ஒன்பது தவணை, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆணி. அப்படி எழுதி அனுப்பியதை மடித்துக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டாய். உன் தப்பை நீ எடுத்துக்கொண்டாய், நல்லது, கைகுலுக்குகிறேன். என் தப்பையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது? அது என்னுடையது. நீ அதைக் காட்டுவாய், அப்புறம் எல்லாருக்கும் தானாகத் தெரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அதுதான் உண்மை. இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. உன் விசாரணையை வைத்து என் வேலையை முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

எனவே நானே செய்தேன்.

நேற்று விருந்து. தேவாலயக் கூடத்தில் இருநூறு பேர். பன்றிக்கறி, முட்டைக்கோஸ், கசகசா வைத்த கொலாச்சே பன் தட்டுத்தட்டாக. எனக்காக விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள், குழந்தைகளைக் கூச்சல் போடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். ரேடியோவில் உன்னை ரவுடி என்ற மனிதர் மைக்கைப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார். நான் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்துபோய் மைக்கை வாங்கிக்கொண்டேன். நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று கைதட்டினார்கள். கைதட்டல்தான் ரொம்ப வலித்தது. நிஜமாகவே, காதில்.

"அவன் தப்பு பண்ணான், ஒத்துக்கிட்டான், தண்டனையும் வாங்கிட்டான். இப்ப என்னோடதச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். செப்டம்பர் 27, இரண்டிரண்டு கம்பம், ஐந்து வார்த்தை, ஆகஸ்டு சோதனை. எல்லாம் சொன்னேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முன்வரிசையில் ஒரு விவசாயி மட்டும் நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

மார்லா நேராக என்னிடம் வந்தார். மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"பதினாறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். அன்னைக்கு உன் கண்ணப் பாத்தேன், உன் வாயக் கேட்டேன். வாய நம்புனேன். இந்த மூணு வாரமா, நான் எத கவனிக்காம விட்டேன்னு தூங்காம யோசிச்சுட்டு இருக்கேன். நீ சாப்பிட்டுட்டு தூங்குன, இல்ல?"

"தூங்கல" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் இன்று காலை எங்கள் அணியில் மூன்று பேர் அவர் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆகஸ்டு சோதனையை மறுபடி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் எங்கள் கேப்டன்.

உன் மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். உன்மேல் கோபம் இன்னும் இரண்டு நாள் இருக்கும். ஒருவேளை மூன்று.

கடைசி ஆட்டத்தில் நன்றாக ஆடு.

கோல்பி

*

கான்சஸ்,
நவம்பர் 17

கோல்பி,

சனிக்கிழமை ஆடினேன். தோற்றோம். 24-20.

எப்படி ஆடினேன் என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை. பதினோரு தடவை மடக்கிப் பிடித்தேன். பதினோரு தடவையும் தலை மேலே, கண் எதிராளியின் மேல், தோளால். கூட்டம் மூச்சை இழுக்கவில்லை. அந்தச் சத்தம் வரவே இல்லை. ஆனால் பிடித்தவன் எவனும் என்னைத் தாண்டிப் போகவும் இல்லை. இதை இப்படியும் ஆடலாம் என்பது எனக்கு நான்கு வருடம் தெரியாமல் இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான். கனடாக்காரர் மூன்றாவது வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

நான்காவது குவார்ட்டரில் ஆறு நிமிடம் மிச்சம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். டெல்ரிக்கும் எதிரணிக்காரனும் ஒரே பந்துக்குத் தாவினார்கள். டெல்ரிக்கின் தலைப்பக்கம் எதிராளியின் இடுப்பில் பட்டது. பெரிய அடி இல்லை. எழுந்துவிட்டான். திரும்பி வந்து நிற்கும்போது இடது பக்கம் நிற்க வேண்டியவன் என் வலது பக்கம் வந்து நின்றான்.

"டெல், அந்தப் பக்கம்."

"தெரியும்டா." அப்புறம், "இது எந்தக் குவார்ட்டர்?" என்றான்.

"நாலு."

போய் நின்றான். அங்கிருந்தே கூப்பிட்டான்: "லூ, இது எந்தக் குவார்ட்டர்?"

நான் நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

டெல்ரிக்குக்கு அந்த நொடியில் மட்டும் எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. "கையக் கீழ போடு. லூ, இது என் கடைசி ஆட்டம். கையக் கீழ போடுடா" என்றான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் போடவில்லை. "இருபத்தொண்ணாம் நம்பருக்குத் தலையில அடி. ரெண்டு தடவ ஒரே கேள்வி கேக்குறான்" என்று நடுவரிடம் சொன்னேன். விதிப்படி அவனை வெளியே அனுப்பினார்கள். போகும்போது அவன் என்னைச் சொன்னதை எழுத மாட்டேன். தெரேசாவும் இதைப் படிப்பாள்.

அவன் இடத்துக்கு முதல் வருடக்காரன் ஒருவன் வந்தான். மூன்றாவது பந்திலேயே அவனைத் தாண்டிப் போட்டுப் புள்ளி எடுத்துவிட்டார்கள். ஆட்டம் அதோடு போயிற்று. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலி.

ஆஸ்பத்திரியில் டெல்ரிக்கைச் சோதித்தார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். நேற்று அவன் அறைக்குப் போனேன்.

"பாத்தியா? ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. என் கடைசி ஆறு நிமிஷத்த நீ திருடிட்ட. ஒருத்தன அடிச்சுப் போட்டதுக்கு நீ பண்ற பிராயச்சித்தத்துக்கு நான்தான் கெடச்சேனா?" என்றான்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

"வெளிய போ."

வந்துவிட்டேன். அவன் சொன்னதை நேற்றிலிருந்து எடைபோட்டுப் பார்க்கிறேன். பிராயச்சித்தமா? இல்லை. அந்த நேரத்தில் நீ என் நினைவிலேயே இல்லை. அவன் இரண்டாவது தடவை கேட்ட குரல்தான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாளைக்கே நிரூபணமானாலும், அடுத்த தடவையும் கையை உயர்த்துவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நண்பனை இழந்ததில் வலி இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் போலிருக்கிறது.

கனடாக்காரர் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்தார். "நீ நல்லா பிடிக்குற. உன் கூட்டாளிய வெளிய அனுப்புனதையும் பாத்தேன். அதுக்கு என் தாள்ல கட்டம் இல்ல" என்றார். நல்லதாகச் சொன்னாரா, கெட்டதாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாமல் இல்லை.

உன் கண் எப்படி இருக்கிறது?

லூசியன்

*

நெப்ராஸ்கா,
நவம்பர் 23

லூசியன்,

இன்று ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் எழுதினேன். கம்பளியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வதற்கு முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன், ஆனால் அவர் சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கும் சந்தோஷம் வேண்டுமே.

அப்பா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் லாரியில் ஏற்றிக்கொண்டு சும்மா ஊரைச் சுற்றினார். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நானும் ஒரு தடவ சொல்லாம இருந்திருக்கேன். எண்பத்தாறுல. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது" என்றார். வீட்டுக்கு வரும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த வாரத்து நாற்பதில் கால்வாசி செலவாகிவிட்டது அல்லவா.

டெல்ரிக் விஷயம். அவன் உன்னை மன்னிப்பான் என்று உறுதி சொல்ல மாட்டேன். மன்னிக்காமலே போகலாம். ஆனால் அவனுக்குத் தன் கடைசி ஆட்டம் முழுவதும் ஞாபகம் இருக்கிறது, கவனித்தாயா? எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது, நீ எந்தக் கையைத் தூக்கினாய், உன் சட்டையை எங்கே பிடித்தான் என்று சாகும்வரை சொல்லிச் சொல்லித் திட்டுவான். பேரப்பிள்ளைகளிடம் திட்டுவான். என் கடைசி ஆட்டம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் நான் தெரேசாவைத்தான் கேட்க வேண்டும். நல்ல வெயிலாம். முதல் பாதியில் ஒரு அருமையான பந்து பிடித்தேனாம். மைதானமே எழுந்து நின்றதாம்.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ லூசியானா போகவில்லை என்று தெரேசா கண்டுபிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்காதே. வியாழக்கிழமை இங்கே வா. ஐந்து மணி நேரக் கார்ப் பயணம்தான். அம்மா வான்கோழியை இரண்டு மணிக்கு மேசைக்குக் கொண்டுவருவாள், யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள். நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அவனுக்கு எந்தப் பக்கம் கறி புடிக்கும், நெஞ்சா, தொடையா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். வந்து நீயே சொல்லு.

கோல்பி